மடுல்கலையிலிருந்து மந்திரி சபைக்கு: பெரி சுந்தரம் வாழ்க்கை

கண்டி மாநகரிலிருந்து வத்துகாமம், பன்விலை வழியாக மேலேறும் பாதை நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள மடுல்கலையைச் சென்றடைகிறது. ஒரு காலத்தில் கோப்பிச் செடிகள் நிறைந்திருந்த சரிவுகள் அவை. கோப்பி நோயுற்று அழிந்தபின் அங்கே தேயிலை பரவியது. காடு வெட்டியவர்களும், கன்று நட்டவர்களும், கொழுந்தெடுத்தவர்களும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர்கள். அவர்கள் இட்ட உழைப்புக்குக் கணக்கில்லை. அவர்களுக்கென்று நாட்டின் சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்த உரிமையோ மிகச் சொற்பம்.

அந்த மடுல்கலை மண்ணில் 1890 ஆம் ஆண்டு பிறந்த ஒரு குழந்தை, பின்னாளில் கண்டியிலே கல்வி கற்று, கடல் கடந்து சென்று சட்டம் பயின்று, திரும்பி வந்து இலங்கையின் முதலாவது அரசாங்க சபையிலே தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியாக அமர்ந்தது. அவர்தாம் பெரியண்ணன் சுந்தரம் என்னும் பெரி சுந்தரம் அவர்கள். மலைநாட்டிலே பிறந்து மந்திரி பதவி ஏற்ற முதல் தமிழர் அவர். நமது வாலிபர்களுள் எத்தனை பேர் அவர் பெயரை அறிவர்? அறிந்தவர்களும் ஒரு பதவியின் பெயராகவே அறிந்திருக்கக் கூடும். பதவி வரும், போகும். அவர் அந்தப் பதவியிலிருந்து செய்து முடித்த வேலை எது, செய்ய முடியாமற் போனது எது என்பதை அறிவதே நமக்குப் பயன்.

இளமையும் கல்வியும்

தோட்டத்துப் பிள்ளை ஒன்று எழுத்தறிவதே அருமையாக இருந்த காலம் அது. லயத்திலே பிறந்த குழந்தை பத்து வயதாகுமுன் பெயர்ப் பதிவேட்டில் ஏறிக் கூடையைத் தூக்கிக்கொள்ளும். அத்தகைய நாட்களில் பெரி சுந்தரம் கண்டி திரித்துவக் கல்லூரியிலே சேர்ந்து கற்கும் பேறு பெற்றார். 1904 ஆம் ஆண்டு அக்கல்லூரியின் அதிபராக வந்த பிரேசர் என்பவர், தாய்மொழி அறியாத படிப்பு அரைப் படிப்பே என்று கருதியவர். சிங்களத்துக்கும் தமிழுக்கும் கல்லூரியிலே இடமளித்தவர். படித்தவன் ஏழைகளின் குடியிருப்பைச் சென்று பார்க்கவேண்டும், அவர்களுக்குத் தொண்டு செய்யவேண்டும் என்னும் எண்ணத்தை மாணவரிடையே வளர்த்தவர். அந்தச் சூழலிலே பெரி சுந்தரம் வளர்ந்தார்.

பின்னர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பயின்று, பாரிஸ்டர் பட்டத்துடன் நாடு திரும்பினார். மலைநாட்டு இந்திய வம்சாவளித் தமிழரிடையே அக்காலத்தில் அத்தகைய கல்வி பெற்றவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். கொழும்பிலே கௌரவமாகத் தொழில் நடத்திப் பொருளீட்டி நிம்மதியாக வாழ வழி திறந்தேயிருந்தது. ஆனால் அவர் மனம் மலையை மறக்கவில்லை.

அருணாசலத்தின் அருகில்

அந்நாளிலே தோட்டத் தொழிலாளியின் கழுத்தை நெரித்த கயிறுகள் இரண்டு. ஒன்று கடன், மற்றொன்று சட்டம். ஊரிலிருந்து புறப்படும்போதே வழிச்செலவு முதலியவற்றால் அவன் கங்காணிக்குக் கடன்காரனாவான். அவன் வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் இன்னாரை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். கடனோடு ஆளும் கைமாறிய அந்த ஏற்பாட்டையே துண்டு முறை என்றனர். முறைப்படி அறிவிக்காமல் வேலையை விட்டு நீங்கினாலோ, அது கடனைப் போன்ற சிவில் விவகாரமாகக் கருதப்படாமல் குற்றமாகவே கருதப்பட்டது. சிறைவாசம் வரை தண்டனை உண்டு.

இக்கொடுமையை எதிர்த்து நின்ற பெருமக்களுள் தலையாயவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். யாழ்ப்பாணத்து உயர்குடியிற் பிறந்து சிவில் சேவையிலே பெரும் பதவி வகித்த அவர், ஓய்வு பெற்றபின் ஏழைத் தொழிலாளரின் வழக்கைத் தம் வழக்காக எடுத்துக்கொண்டார். 1919 ஆம் ஆண்டு அவரைத் தலைவராகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் நலன்புரி சங்கம் தோன்றியது. அதன் செயலாளராக அமைந்தவர் பெரி சுந்தரம். அடுத்த ஆண்டு தொழிலாளர் சம்மேளனமும் உருவாயிற்று. அருணாசலத்தின் அனுபவமும் பெரி சுந்தரத்தின் சட்ட அறிவும் ஒன்று சேர்ந்தன. உண்மை விவரங்களைத் திரட்டி, அரசாங்கத்துக்கு விண்ணப்பித்து, சட்டத்தைச் சட்டத்தாலேயே மாற்றவேண்டும் என்பது அவர்களுடைய வழி.

அவ்வழி வீண்போகவில்லை. 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது. வேலையை விட்டதற்காகத் தொழிலாளியைச் சிறையிலிடும் விதிகளும் அவ்விருபதுகளின் தொடக்கத்திலேயே நீங்கின. 1923 அளவில் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் கண்டியிலே காரியாலயம் அமைத்துத் தொழிலாளரின் குறைகளைக் கேட்கலானார். 1927 இல் சம்பளச் சட்டம் பிறந்தது. 1929 இல் மலைநாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று ஆகக் குறைந்த கூலி நிர்ணயிக்கப்பட்டது. 1924 இல் அருணாசலம் அவர்கள் காலமானார். ஆசானை இழந்தாலும் மாணவர் அவர் காட்டிய பாதையை விடவில்லை.

அரசாங்க சபை தோன்றியது

1927 இன் இறுதியில் டொனமூர் பிரபுவின் தலைமையில் ஒரு விசாரணைக் குழு இலங்கைக்கு வந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்களுக்கும் முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கலாம் என்று அது சிபாரிசு செய்தது; பின்னர் பெண்களுக்கும் இருபத்தொரு வயதே போதுமென்று ஆக்கப்பட்டது. அதுவரை சொத்தும் படிப்பும் உள்ள சிலருக்கே வாக்கிருந்தது. ஆசியாவிலே ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட வேறெந்த நாட்டுக்கும் கிடைக்காத உரிமை அது. ஆயினும் இந்தியத் தொழிலாளருக்கும் அவ்வுரிமை கிடைப்பதைப் பலர் விரும்பவில்லை. சட்டநிரூபண சபையிலே 1929 டிசம்பரில் இத்திட்டம் 19 வாக்குகளுக்கு 17 என்ற சொற்ப வித்தியாசத்திலேயே ஏற்கப்பட்டது. மலைநாட்டு மக்களைப் பொறுத்தவரை நிபந்தனைகளும் கூடின. இந்நாட்டையே நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று காட்டவேண்டும். அன்றேல் எழுத்தறிவும் சொத்தும் வேண்டும். அன்றேல் ஐந்து வருட வாசத்தைக் காட்டி நிரந்தரக் குடியேற்றப் பத்திரம் பெறவேண்டும். இந்த வேலிகளையெல்லாம் தாண்டி 1931 இல் வாக்காளராகப் பதிவானோர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரே.

1931 ஜூன் மாதம் தேர்தல் நடந்தது. பெரி சுந்தரம் அட்டன் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தெரிவானார். ஜூலை 7 ஆம் திகதி புதிய சபை கொழும்பு காலிமுகத்திடலை அடுத்த கட்டிடத்தில் முதன்முதலாகக் கூடியது. சபையின் அமைப்பை வாலிபர்கள் அறிந்துகொள்வது நல்லது. தெரிவு செய்யப்பட்ட அங்கத்தவர் 50 பேர்; தேசாதிபதி நியமித்தவர் 8 பேர்; பிரதம செயலாளர், சட்டச் செயலாளர், நிதிச் செயலாளர் ஆகிய அரச உத்தியோகத்தர் மூவர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், பூரண சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாமென்று பகிஷ்கரித்தமையால் வடபகுதியின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. மொலமூரே அவர்கள் முதற் சபாநாயகரானார். 1934 டிசம்பரில் அவர் விலகியபின் பொரஸ்டர் ஒபயசேகரா அப்பதவியை ஏற்றார்.

இச்சபையில் இன்றைய பாராளுமன்றத்திலுள்ளதுபோல ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்னும் பிரிவு இல்லை. அங்கத்தவர் அனைவரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவிலும் ஏறக்குறைய எட்டு, ஒன்பது பேர். குழுவினர் இரகசிய வாக்கெடுப்பில் தமக்குள் ஒருவரைத் தலைவராகத் தெரிவு செய்ய, அவரே அத்துறையின் மந்திரியானார். இவ்வாறு டி. பி. ஜயதிலகா உள்நாட்டு விவகாரத்துக்கும், டி. எஸ். சேனாநாயக்கா விவசாயம், காணி என்பவற்றுக்கும், கன்னங்கரா கல்விக்கும், பானபொக்கே சுகாதாரத்துக்கும், பட்டுவந்துடாவ உள்ளூராட்சிக்கும், மாக்கான் மாக்கார் போக்குவரத்து, பொதுவேலைகளுக்கும், பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தகத்துக்கும் மந்திரிகளாயினர். சிங்களவர் ஐவர், முஸ்லிம் ஒருவர், மலைநாட்டுத் தமிழர் ஒருவர். ஜயதிலகா சபையின் தலைவராகவும் விளங்கினார்.

இம்முறையில் ஒரு மந்திரி தாம் நினைத்ததை உடனே செய்துவிட முடியாது. முதலில் தம் குழுவினரை இணங்கச் செய்யவேண்டும். பின்பு மந்திரி சபை. பின்பு முழுச் சபை. இறுதியில் தேசாதிபதியின் சம்மதம். இத்தனை வாசல்களையும் திறக்க வாதத்திறமையும் வேண்டும், அதைவிட மேலாகப் பொறுமையும் வேண்டும்.

இரண்டு சட்டங்கள்

அவர் மந்திரியாயிருந்த காலத்தில் நிறைவேறிய தொழிற் சட்டங்களுள் இரண்டு இன்றளவும் இந்நாட்டில் வேரூன்றி நிற்கின்றன.

முதலாவது, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். தேயிலைத் தொழிற்சாலையிலே உருளையிலோ வார்ப்பட்டையிலோ ஒருவன் கை சிக்கிப் போனால், அதுவரை அவன் கதி என்ன? முதலாளியின் கவனக்குறைவாலேயே விபத்து நேர்ந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கவேண்டும். எழுத்தறியாத, கைம்முதலில்லாத, கையுமில்லாத ஒருவன் அப்புக்காத்து வைத்து வழக்காடுவது எங்ஙனம்? பெரும்பாலும் அவன் பிறர் இரக்கத்தை நம்பியே காலங் கழித்தான். புதிய சட்டம் கேள்வியையே மாற்றிவிட்டது. யாருடைய பிழை என்பது முக்கியமல்ல. வேலையினால், வேலை செய்யும்போது நேர்ந்த விபத்தா என்பதே முக்கியம். அப்படியானால் முதலாளி நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன். தொழிலாளி இறந்தால் அவனை நம்பியிருந்தோருக்கு அத்தொகை சேரவேண்டும். இதைத் தீர்க்கத் தனியே ஓர் ஆணையாளரும் உண்டு. பிச்சையாக இருந்தது உரிமையாகியது.

இரண்டாவது, 1935 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம். ஏழு பேர் சேர்ந்து கையொப்பமிட்டு ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். சங்கம் ஆண்டுதோறும் கணக்குக் காட்டவேண்டும். தொழிற்பிணக்கொன்றின் பொருட்டுச் சங்கம் செய்யும் காரியத்துக்காக அதன்மீது நட்டஈட்டு வழக்குத் தொடர்ந்து அதை முறித்துவிடுவதற்கும் தடை ஏற்பட்டது. நாலு பேர் கூடினாலே கலகம் என்று தோட்டத்தைவிட்டுத் துரத்திய நாட்களில், சங்கம் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு முகவரி கிடைத்தது. இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டோம். அதன் பெறுமதி ஓர் இனத்தின் தலைமுறைகள் கண்ட பெறுமதி.

சோதனைக் காலம்

வாழ்க்கை வரலாறு என்றால் புகழ்ச்சி மட்டுமல்ல. அம்மந்திரி பதவி மலர்ப்படுக்கையாக அமையவில்லை. அவர் பதவியேற்ற வேளையில் உலகப் பொருளாதார மந்தம் இலங்கையைக் கவ்விக்கொண்டது. தேயிலை, றப்பர் விலைகள் வீழ்ந்தன. தோட்டங்கள் சில மூடின. பல்லாயிரம் தொழிலாளர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. 1929 இல் நிர்ணயித்த அந்த 54 சதமும் நிலைக்கவில்லை. அவர் மந்திரியாயிருந்த ஆண்டுகளிலேயே ஆகக் குறைந்த கூலி படிப்படியாகக் குறைக்கப்பட்டது. இதனோடு 1934, 1935 இல் மலேரியாக் காய்ச்சல் பல்லாயிரம் உயிர்களைக் கொள்ளை கொண்டது.

அதே காலத்தில் அட்டனிலே கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை 1931 இல் அமைத்து, கூலிக் குறைப்பை எதிர்த்துத் துண்டுப் பிரசுரங்களாலும் மேடைப் பேச்சாலும் மக்களைத் தட்டியெழுப்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டாலும் பிரசாரம் செய்தார். நடேசய்யர் மக்களை அணிதிரட்டி உரிமை கேட்ட தலைவர். பெரி சுந்தரமோ சபைக்குள்ளிருந்து, எதிர்ப்போரையும் இணங்கவைத்து, எழுத்தில் உரிமையை நிலைநாட்ட முயன்றவர். பசித்திருப்பவனுக்கு இரண்டாவது வழி மிக மெதுவாகத் தோன்றுவது இயல்பே. 1935 டிசம்பரில் சபை கலைந்தது. 1936 தேர்தலில் அட்டன் ஆசனம் நடேசய்யரைச் சேர்ந்தது.

அன்று கூலி குறைந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை நடுநிலையோடு சிந்திக்கவேண்டும். நட்டஈட்டுச் சட்டமும் தொழிற்சங்கச் சட்டமும் அந்தக் கடும்பஞ்ச நாட்களிலேயே நிறைவேறின. கூலி சந்தையோடு ஏறியும் இறங்கியும் போயிற்று, அச்சட்டங்கள் இறங்கவில்லை.

சட்டம் உயிர் பெற்ற விதம்

1936 இல் கூடிய இரண்டாவது சபையில் குழுக்களின் பெரும்பான்மை வேறு விதமாக அமைக்கப்பட்டது. மந்திரிகள் எழுவரும் சிங்களவராயினர். சிறுபான்மையினர் ஒருவர் அம்மந்திரி சபையில் இடம்பெற 1942 வரை காத்திருக்க நேர்ந்தது. மலைநாட்டுத் தமிழர் ஒருவர் மீண்டும் மந்திரியாவதற்கோ, 1978 இல் சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்கள் பதவியேற்கும் வரை நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன.

1939 இல் அரசாங்கப் பகுதிகளில் வேலை செய்த இந்தியத் தினக்கூலிகளை நீக்கும் நடவடிக்கை எழுந்தபோது ஜவகர்லால் நேரு இலங்கைக்கு வந்தார். அவ்வருகையின்போது இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அதன் ஆரம்பகாலத் தலைவர்களுள் பெரி சுந்தரமும் ஒருவர். பதவி போனபின் வீட்டில் அடங்கிவிடாமல், தம்மிலும் இளையவர்களோடு சேர்ந்து நின்றது அவர் பெருந்தன்மையைக் காட்டும்.

அவர் காலத்தில் பிறந்த தொழிற்சங்கச் சட்டத்துக்கு உயிர் வந்ததும் அக்காலத்திலேதான். 1940 ஜனவரியில் நமது கண்டிக்கு அண்மையிலுள்ள ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். நாடே கலங்கியது. அதே ஆண்டில் தோட்ட முதலாளிமார் தொழிற்சங்கங்களை அங்கீகரிக்கும் ஏழு அம்ச உடன்படிக்கைக்கு இணங்கினர். சங்கம் அமைக்கலாம் என்று சட்டம் சொல்லி ஐந்தாண்டுகள் சென்றன. அதைத் தோட்டத்து வாசலுக்குள் கொண்டுவர ஒரு தொழிலாளியின் இரத்தம் தேவைப்பட்டது. சபையில் எழுதிய சட்டமும் மலையில் எழுந்த துணிவும் ஒன்றையொன்று நாடி நிற்பவை. சட்டமின்றி வந்த துணிவு சிறைக்குப் போகும். துணிவின்றி இருக்கும் சட்டம் அலுமாரியில் தூங்கும்.

பிற்காலம்

1947 இல் சோல்பரி அரசியலமைப்பின்கீழ் பாராளுமன்றம் தோன்றியபோது பெரி சுந்தரம் மேற்சபையான செனற் சபையில் இடம்பெற்றார். மலைநாட்டுத் தொகுதிகளிலிருந்தும் இந்தியக் காங்கிரஸ் அங்கத்தவர் பலர் கீழ்ச்சபைக்குச் சென்றனர். ஆனால் சுதந்திரம் கிடைத்த அதே 1948 ஆம் ஆண்டில் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 இல் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்தன. 1931 இல் அத்தனை வேலிகளையும் தாண்டிப் பெற்ற வாக்குரிமை பெரும்பாலானோர் கையிலிருந்து பறிபோயிற்று. 1952 தேர்தலில் இந்தியக் காங்கிரஸின் பிரதிநிதி ஒருவரேனும் பாராளுமன்றம் செல்லவில்லை. ஒரு சட்டசபை கொடுத்ததை மற்றொரு சட்டசபை எடுத்துக்கொண்டதைத் தம் வாழ்நாளிலேயே காணும் துயரம் அவருக்கு வாய்த்தது. 1957 ஆம் ஆண்டு அவர் இவ்வுலகை நீத்தார்.

அவர் காணாதவற்றை நாம் கண்டோம். 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைப் பிரித்தனுப்பியது. 1971 இல் செனற் சபையே ஒழிந்தது. நாடற்றோர் என்ற சொல் நம் மக்கள்மீது பல்லாண்டு சுமந்திருந்தது. 2003 ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியிருந்தோருக்கும் பிரசாவுரிமை வழங்கி அச்சொல்லை நீக்க வழி செய்தது. பறித்ததும் சட்டம், மீட்டதும் சட்டம்.

வாலிபர்களுக்கு

இவ்வரலாற்றிலிருந்து நமது சங்கத்து வாலிபர்கள் கொள்ளவேண்டியது என்ன? மேடையில் முழங்குவது எளிது. ஒரு மசோதாவை வரிக்கு வரி வாசித்து, அதில் ஏழைக்குப் பாதகமான சொல் எது என்று கண்டுபிடிப்பது கடினம். பெரி சுந்தரம் அக்கடினமான வேலையைத் தேர்ந்தெடுத்தவர். மலைநாட்டிலிருந்து சட்டம் கற்றவர்கள் அன்று இல்லை என்றே சொல்லலாம். இன்று நமது பிள்ளைகள் பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கற்கிறார்கள். சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் உத்தியோகத்தரும் நம்மிடையே பெருகியிருக்கின்றனர். தோட்டத்தில் கை முறிந்த ஒருவனுக்கு நட்டஈட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஓர் இளைஞன் போதும். வாக்காளர் இடாப்பில் தாயின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு மாணவி போதும். இவை சிறு காரியங்கள் என்று தோன்றலாம். ஆனால் சட்டம் மலையேறுவது இத்தகைய கால்களினால்தான்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் வீடுகளிலே பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது அரசர் கதைகளோடு, மடுல்கலையிலே பிறந்து மந்திரி சபையில் அமர்ந்த இவர் கதையையும் சொல்லுங்கள். சிலை வைப்பதிலும் மேலான நினைவுச் சின்னம் அது. அவர் வழி நின்று கற்போம். கற்றதை மலையிலுள்ள நம்மவர்க்குப் பயன்படச் செய்வோம்.